பத்து வருடம் காசு கொடுத்தவருக்கு ஏன் பதில் வருவதில்லை?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பத்து வருடத்துக்கும் மேலாக ஒரே இசை மென்பொருளில் வேலை செய்கிறார். வந்த ஒவ்வொரு அப்கிரேடையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். முன்பெல்லாம் சந்தேகம் கேட்டு எழுதினால் மென்பொருளை எழுதியவர்களே பதில் போடுவார்களாம். இப்போது வாரக்கணக்கில் சத்தமே இல்லை. வந்தாலும் "மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்று ஒரு வரி. இத்தனை நாள் விசுவாசமாக இருந்ததற்கு இதுதானா மரியாதை, இங்கேயே இருப்பதா, வேறொன்றுக்கு மாறுவதா என்று கேட்கிறார்.

உடனே மாற வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் எந்த நாளும் மாறலாம் என்கிற நிலைக்கு உங்கள் பாட்டுகளை முதலில் கொண்டுவந்துவிடுங்கள், முடிவை அதன்பிறகு நிதானமாக எடுக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இது பலமுறை நடந்திருக்கிறது. நடந்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தால், வாடிக்கையாளர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் எது திரும்பி வரும், எது எவ்வளவு கத்தினாலும் வராது என்பது தெரிந்துவிடும்.

சப்போர்ட் குறைவதற்கு அங்கே உட்கார்ந்திருப்பவரின் அலட்சியம் காரணம் இல்லை. பணம் வருகிற வழிதான் காரணம். இசை மென்பொருளைப் பெரும்பாலும் ஒரே தடவைதான் வாங்குகிறோம். வாங்கிய அன்றோடு நம்மிடமிருந்து வருமானம் நின்றுவிடுகிறது. அடுத்த அப்கிரேடு வாங்கும்வரை நாம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் கம்பெனிக்குச் செலவு. மென்பொருள் வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் இது உறைக்காது. ஒவ்வொரு வெர்ஷனிலும் இல்லாமல் முடியாது என்று தோன்றுகிற ஏதோ ஒன்று வரும், பழையவர்கள் வாங்குவார்கள், அந்தப் பணத்தில் சப்போர்ட் ஓடும். பத்துப் பதினைந்து வருடம் போனால் மென்பொருள் முதிர்ந்துவிடுகிறது. ரெக்கார்டிங், எடிட்டிங், மிக்ஸிங் எல்லாம் நன்றாகவே நடக்கும்போது புது வெர்ஷனுக்கு எதற்குக் காசு என்று பழைய வாடிக்கையாளர் யோசிக்கிறார். அதில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

வருமானம் இப்படி இறங்கும்போது செலவு இறங்குவதில்லை. 2019இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவில் ஆப்பிள் பழைய தலைமுறை 32-பிட் புரோகிராம்களை ஒரேயடியாக நிறுத்தியது. அடுத்த வருடமே இன்டெல் சிப்பை விட்டுத் தன் சொந்த சிப்புக்கு மாற ஆரம்பித்தது. இரண்டு தடவையும் மென்பொருள் கம்பெனிகள், அதோடு சேர்த்துப் பயன்படுத்துகிற கூடுதல் புரோகிராம்களான பிளகின்களைச் செய்கிறவர்கள் என்று பலரும் பழைய நிரலை எடுத்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. மாதக்கணக்கான அந்த உழைப்பின் முடிவில் வாடிக்கையாளருக்குக் காட்ட எதுவுமே இருக்காது. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது, அவ்வளவுதான். "எதற்கு அப்கிரேடு, புதிதாக ஒன்றும் இல்லையே" என்பார்கள். பணம் இறுகியதும் முதலில் கைவைக்கிற இடம் சப்போர்ட். விற்பனையைக் குறைத்தால் அடுத்த மாதக் கணக்கிலேயே தெரிந்துவிடும். சப்போர்ட்டைக் குறைத்தால் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு டிக்கெட்டை, அதாவது சப்போர்ட்டுக்கு அனுப்பிய ஒரு புகாரை வைத்தே காட்டலாம். ஒரு குறிப்பிட்ட பிளகினை எதிரொலி (ரிவர்ப்) சேர்க்கிற டிராக்கில் போட்டு, 96 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தரத்தில் பிராஜெக்ட்டைச் சேமித்தால் மென்பொருள் மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெர்ஷன் எண், இயங்குதளம், நடந்த வரிசை எல்லாம் எழுதி, மென்பொருள் விழுந்ததைப் பதிவுசெய்த கிராஷ் லாகையும் இணைத்து அனுப்புகிறீர்கள். முதல் பதில்: எந்த வெர்ஷன்? அதை ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது பதில்: செட்டிங்ஸை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். செய்தும் சரியாகவில்லை என்று எழுதுகிறீர்கள். பிறகு மௌனம். கடைசியில் டிக்கெட் மூடப்பட்டது என்று தானியங்கி மெயில். இதில் அந்த லாகை யாருமே திறக்கவில்லை. அதில் எந்தப் பகுதி விழுந்தது என்பது முதல் சில வரிகளிலேயே இருக்கும். உள்ளே தெரிந்தவர் பார்த்தால் சில நிமிட வேலை. அந்தத் தெரிந்தவர் இப்போது டிக்கெட் பக்கமே வருவதில்லை, அல்லது கம்பெனியிலேயே இல்லை. முன்னால் இருப்பவர் கையில் எழுதித் தரப்பட்ட பதில்கள் மட்டும்தான். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். அவருக்கு அந்த லாகைப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை, நேரமும் கொடுக்கவில்லை.

ஆகவே சப்போர்ட் மோசமாகிவிட்டது என்று தோன்றினால் முதலில் விசாரிக்க வேண்டியது, மென்பொருளைச் செய்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்பதை. இதற்கு நல்ல உதாரணம் சிபேலியஸ். நொட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மென்பொருள். பென் ஃபின், ஜோனதன் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் எழுதி, 1993இல் ஏகார்ன் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்டது. 2006இல் புரோ டூல்ஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளை விற்கிற அவிட் கம்பெனி அதை வாங்கியது. முதல் சில வருடங்கள் வாடிக்கையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஏனென்றால் லண்டன் ஆபீஸில் அதே குழு இருந்தது. 2012இல் அவிட் செலவைக் குறைக்க அந்த லண்டன் ஆபீஸை மூட முடிவுசெய்தது. இசையமைப்பாளர்கள், ஆசிரியர்கள், பதிப்பாளர்கள் எல்லோரும் எதிர்த்துப் பிரசாரம் நடத்தினார்கள். அவிட் மசியவில்லை. ஹாம்பர்க்கில் இருக்கும் ஸ்டைன்பெர்க் என்ற இசை மென்பொருள் கம்பெனி அந்தக் குழுவை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவின் டேனியல் ஸ்ப்ரெட்பரியும் கூட்டாளிகளும் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதி 2016 அக்டோபரில் டொரிக்கோ என்ற நொட்டேஷன் மென்பொருளை வெளியிட்டார்கள்.

சிபேலியஸ் இன்றும் விற்பனையில் இருக்கிறது, அதில் வேலை செய்கிறவர்களும் நிறைய. ஆனால் பழைய வாடிக்கையாளர்களில் பலர் நம்பிக்கை வைத்திருந்தது அந்த ஆட்கள் மேல். ஆட்கள் எங்கே போனார்களோ அங்கே இவர்களும் போனார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. உங்கள் மெயிலுக்கு அன்று பதில் போட்ட மனிதர் இன்று வேறொரு கம்பெனியில் இருந்தால், நீங்கள் நன்றி காட்ட வேண்டியவர் அவர். கம்பெனியின் பெயருக்கு அந்த நன்றி போய்ச் சேர வேண்டியதில்லை.

அடுத்து, முதலாளி யார் என்று பார்க்க வேண்டும். கேக்வாக் கதை இதில் கசப்பானது. 1987இல் கிரெக் ஹெண்டர்ஷாட் தொடங்கிய இசை மென்பொருள் கம்பெனி அது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் வந்த அதன் மிடி சீக்வென்சர் (சுரங்களைக் கட்டளைகளாகப் பதிந்து திரும்ப வாசிக்கிற மென்பொருள்) வளர்ந்து சோனார் ஆனது. விண்டோஸில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு வீடு மாதிரி இருந்தது. முதலில் இசைக்கருவிக் கம்பெனியான ரோலண்டின் கைக்குப் போய், 2013இல் கிட்டார் கம்பெனியான கிப்சனிடம் போனது. அப்போதே பழைய ஆட்கள் சிலருக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். ஏனென்றால் மிடியையும் ஆடியோவையும் முதன்முதலில் ஒரே இடத்தில் சேர்த்த ஸ்டுடியோ விஷனைச் செய்த ஆப்கோட் கம்பெனியை 1998இல் வாங்கியதும் இதே கிப்சன்தான். மறு வருடமே அங்கே வேலை நின்றுபோனது.

2016இல் சோனார் பிளாட்டினம் வைத்திருப்பவர்களுக்கு ஆயுள் முழுக்க இலவச அப்டேட் என்று அறிவித்தார்கள். நம்பிப் பலர் பணம் கட்டினார்கள். 2017 நவம்பர் 20 அன்று கேக்வாக் மென்பொருள்களின் வேலையை நிறுத்துகிறோம் என்று கிப்சன் அறிவித்தது. ஆயுள் என்பது ஒன்றரை வருடத்துக்குள் முடிந்தது. 2018 மே மாதம் கிப்சனே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதற்குள் பிப்ரவரியில் சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் கேக்வாக்கின் உரிமைகளை வாங்கி, பழைய குழுவில் சிலரையும் சேர்த்துக்கொண்டு, ஏப்ரலில் இலவசமாகவே வெளியிட்டது. பழையவர்களின் பிராஜெக்ட்டுகள் திறந்தன. ஆனால் சோனாரோடு சேர்த்து விற்கப்பட்ட, வெளிக் கம்பெனிகளின் பிளகின்கள் இந்த இலவசப் பதிப்பில் இல்லை. கேக்வாக் பிழைத்ததற்குக் காரணம் வாடிக்கையாளர் போராட்டமும் இல்லை, பழைய வாக்குறுதியும் இல்லை. அதன் மதிப்பு தெரிந்த ஒருவர் கையில் பணம் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கதையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த மென்பொருளை வைத்திருக்கும் கம்பெனி திடீரென்று பெரிய முன்பணச் சலுகை அறிவித்தால், அங்கே எதிர்கால வருமானத்தை இன்றே எடுத்துச் செலவழிக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். எல்லா ஆயுள் சலுகையும் அப்படி இல்லை. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளைச் செய்யும் பெல்ஜியத்து இமேஜ்-லைன் இதே இலவச அப்டேட் வாக்குறுதியை இருபது வருடத்துக்கும் மேலாகக் காப்பாற்றி வருகிறது. அவர்கள் தொடக்கத்திலிருந்தே புதிதாக வருகிற ஆட்களை நம்பித் தொழிலை அமைத்தவர்கள். இசையை இப்போதுதான் தொடங்குகிற இளைஞர்கள் உலகம் முழுக்க வந்துகொண்டே இருப்பதால் பழையவர்களிடம் திரும்பத் திரும்பக் காசு கேட்க வேண்டியதில்லை. ரீப்பர் என்ற இசை மென்பொருளின் கணக்கு வேறு மாதிரி. அதைச் செய்யும் காக்கோஸ், வினாம்ப் என்ற பாட்டு பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய மிகச் சிறிய கம்பெனி. தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் லைசென்ஸ் 60 டாலர், அதுவும் இரண்டு பெரிய வெர்ஷன்களுக்குச் செல்லும். வெளி முதலீட்டாளருக்கு வட்டி கட்ட வேண்டிய நெருக்கடி இல்லாததால் இந்த விலையில் தாக்குப்பிடிக்க முடிகிறது. கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்களை அது எப்படி நடத்தும் என்பதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கும்.

இனி, சத்தம் போட்டால் எது திரும்பி வருகிறது என்பதற்கு வருகிறேன். 2023 மார்ச் கடைசியில் பிளகின் கம்பெனியான வேவ்ஸ், இனி நிரந்தர லைசென்ஸ் கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களுக்கு வருடாந்திர அப்டேட் திட்டத்தைப் புதுப்பிக்கும் வழியும் அடைபட்டது. உலகம் முழுக்க ஒலிப்பொறியாளர்கள் கொதித்துவிட்டார்கள். சில நாட்களுக்குள் வேவ்ஸ் மன்னிப்புக் கேட்டு நிரந்தர லைசென்ஸையும் அப்டேட் திட்டத்தையும் திரும்பக் கொண்டுவந்தது.

2024 ஆகஸ்ட் 26 அன்று, 35 வருடப் பழமையான நொட்டேஷன் மென்பொருள் ஃபினாலேயை நிறுத்துகிறோம் என்று மேக்மியூசிக் அறிவித்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு புதுக் கம்ப்யூட்டரில் ஃபினாலேயை ஆத்தரைஸ் செய்ய (லைசென்ஸை உறுதிசெய்து திறக்க) முடியாது என்றும் அதில் இருந்தது. வாழ்நாள் முழுக்க எழுதிய ஸ்கோர்கள் ஒரு கம்ப்யூட்டர் பழுதானால் திறக்காமல் போகும் என்று அர்த்தம். எதிர்ப்பு வந்த வேகத்தில் மறுநாளே அதை மாற்றி, ஆத்தரைசேஷன் தொடர்ந்து கிடைக்கும் என்றார்கள். டொரிக்கோ புரோவுக்கு 149 டாலரில் மாறுகிற சலுகையும் கொடுத்தார்கள்.

கவனித்துப் பாருங்கள். வேவ்ஸ் விட்டுக்கொடுத்தது ஒரு விற்பனை முறையை. மேக்மியூசிக் விட்டுக்கொடுத்தது ஒரு பூட்டை. இரண்டும் கம்பெனிக்குச் செலவில்லாமல் அல்லது சிறு செலவில் திருப்பித் தரக்கூடியவை. ஆனால் ஃபினாலேயின் வேலை மறுபடி தொடங்கவில்லை. சிபேலியஸ் குழு லண்டன் ஆபீஸுக்குத் திரும்பவில்லை. போன புரோகிராமரைக் கோரிக்கை மனு கூட்டி வராது. ஆகவே குரல் கொடுக்கிறவர்கள் அந்த சக்தியை லைசென்ஸ், ஆக்டிவேஷன், ஃபைல் வடிவம் ஆகியவற்றில் செலவழித்தால் பலன் உண்டு. "பழைய மாதிரி பதில் போடுங்கள்" என்று கேட்பதை விட, "கம்பெனி மூடினால் ஆக்டிவேஷன் இல்லாமல் ஓடுகிற பதிப்பைத் தருவீர்களா" என்று கேட்பது நல்லது. அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பூட்டைப் பற்றி இன்னொன்று. நன்றாக நடக்கிற கம்பெனியிலும் இது வரும். ஸ்டைன்பெர்க் பல வருடம் யுஎஸ்பி டாங்கிளை (லைசென்ஸ் பதிந்த, சாவி மாதிரிச் செருகுகிற சிறு கருவி) வைத்துத்தான் கியூபேஸ் என்ற தன் ரெக்கார்டிங் மென்பொருளை ஓட்டியது. 2022இல் டாங்கிள் இல்லாத முறைக்கு மாறியது, பலரும் சந்தோஷப்பட்டார்கள். 2025 மே 20 அன்று டாங்கிள் லைசென்ஸ்களைக் கையாண்ட பழைய இலைசென்சர் சேவை மூடப்பட்டது. பழைய வெர்ஷன் இருக்கிற டாங்கிளில் தொடர்ந்து ஓடும். ஆனால் அந்த டாங்கிள் உடைந்தால் அதிலிருந்த பழைய லைசென்ஸை மீட்க இப்போது சர்வர் இல்லை. முன்கூட்டியே தேதி சொல்லி, நேரம் கொடுத்துத்தான் செய்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2010 வாக்கில் செய்த பாட்டை அதே வெர்ஷனில் திறக்க வேண்டியவருக்குக் கையிலிருக்கும் டாங்கிள்தான் கதி.

இனி உங்கள் வேலை. பத்து வருடப் பழைய பிராஜெக்ட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் என்ன நடக்கும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். முதலில் காணாமல் போன பிளகின்களின் பட்டியல் வரும். ஓகே கொடுத்தால் பிராஜெக்ட் திறக்கும், எல்லா டிராக்கும் இருக்கும், மிடி நோட்டுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். பிளே அழுத்தினால் வீணை டிராக்கில் சத்தம் வராது. நோட்டு மட்டும்தான் பிராஜெக்ட்டுக்குள் இருந்தது. ஒலி அந்த பிளகினுக்குள் இருந்தது. எந்த பிரீசெட் (முன்பே அமைத்த ஒலி), எவ்வளவு ரிவர்ப் என்பதெல்லாம் அந்த பிளகின் இல்லாமல் படிக்க முடியாத எழுத்தாக ஃபைலில் கிடக்கும். பாடகர் குரல் தப்பித்துவிடும், ஏனென்றால் அது ஒலியையே பதிந்த வேவ் ஃபைல்.

ஆகவே முக்கியமான பாட்டு ஒவ்வொன்றுக்கும் எல்லா டிராக்கையும் முதல் செகண்டிலிருந்து தொடங்குகிற மாதிரி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குவதுதான் இதில் உயிர். அப்போதுதான் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் தானாக ஒன்றுக்கொன்று பொருந்தும். கூடவே மிடி ஃபைல், டெம்போ, ஒவ்வொரு டிராக்கிலும் இருந்த பிளகின் பெயரும் பிரீசெட்டும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில். பிட்விக், பிரிசோனஸ் என்ற இரண்டு இசை மென்பொருள் கம்பெனிகள் 2023இல் சேர்ந்து வெளியிட்ட டாபிராஜெக்ட் என்ற திறந்த வடிவமும் இருக்கிறது. கியூபேஸ் 14இலும் அது வந்துவிட்டது. உங்கள் மென்பொருளில் அது இருந்தால் அதிலும் ஒரு பிரதி எடுங்கள், ஆனால் வேவ் ஃபைலை விட்டுவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நொட்டேஷன் எழுதுகிறவர் என்றால் மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் இரண்டும் வேண்டும். மியூசிக்எக்ஸ்எம்எல் என்பது நொட்டேஷன் மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரைப் பரிமாறுகிற ஃபைல் வடிவம், அது சுரம், தாளம், பாடல் வரி எல்லாவற்றையும் கொண்டுபோகும்; பக்க அமைப்பு அப்படியே வராது, அதற்குத்தான் பிடிஎஃப். இந்த வடிவத்தை உருவாக்கிய மைக்கேல் குட்டின் ரெகார்டேர் கம்பெனியை 2011இல் வாங்கியது இதே மேக்மியூசிக். 2015இல் அந்த வடிவத்தை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பொதுக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். ஃபினாலேயை நிறுத்தியபோது அதன் வாடிக்கையாளர்கள் வெளியே வந்தது அந்த வாசல் வழியாகத்தான். இந்த ஒரு காரியத்துக்காக அந்தக் கம்பெனிக்கு நான் நன்றி சொல்வேன்.

இதெல்லாம் ஒரே நாளில் முடியாது. யாராவது மறுபடி கேட்க வாய்ப்புள்ள பாட்டுகள், காப்புரிமைப் பணம் வருகிறவை, மாணவர்களுக்கு வகுப்பில் தேவைப்படுகிறவை என்று பிரித்து அவற்றை முதலில் முடியுங்கள். மற்றவை மெதுவாக நடக்கட்டும்.

அதன்பிறகு இருப்பதா மாறுவதா என்ற கேள்விக்கு வரலாம். மென்பொருள் இன்று ஒழுங்காக ஓடுகிறது, கை பழகியிருக்கிறது, கேட்ட நேரத்துக்கு வேலை முடிகிறது என்றால் தாராளமாக இருங்கள். கையின் பழக்கத்துக்கு விலை இருக்கிறது. ஷார்ட்கட் எல்லாம் மறந்து ஒரு புது மென்பொருளில் பழைய வேகம் வர மாதங்கள் ஆகும், அதற்குள் பார்ட்டி காத்திருக்க மாட்டார். ஆனால் அடுத்த அப்கிரேடுக்குப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: கம்பெனி கடந்த சில வருடத்தில் கைமாறியிருக்கிறதா, பழைய முக்கிய ஆட்கள் எங்கே, வெளியான அப்டேட் குறிப்புகளில் பழைய பிழைகள் சரிசெய்யப்படுகின்றனவா அல்லது புது வசதிகளின் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றனவா. மூன்றாவது மிக முக்கியம். பிழை திருத்தம் தொடர்ந்து வந்தால் உள்ளே யாரோ இன்னும் அக்கறையோடு இருக்கிறார் என்று அர்த்தம், மெயிலுக்குப் பதில் வராவிட்டாலும்.

கைமாறி, ஆட்கள் போய், திருத்தமும் நின்றிருந்தால் அந்த அப்கிரேடுப் பணத்தை இன்னொரு மென்பொருளுக்குக் கொடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு டிரையல் உண்டு; ரீப்பர் 60 நாள் முழுதாகவே தருகிறது. புதுப் பாட்டு ஒன்றை மட்டும் அதில் தொடங்குங்கள், பழையதை எல்லாம் நகர்த்த முயல வேண்டாம். பழைய மென்பொருள் இருக்கிற கம்ப்யூட்டரை அப்டேட் செய்யாமல், இன்டர்நெட்டிலிருந்து பிரித்து, அப்படியே வைத்திருங்கள். இன்ஸ்டாலர் ஃபைல்கள், சீரியல் எண்கள், வாங்கிய ரசீது மெயில்கள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த மென்பொருள் என்று கேள்வியில் சொல்லவில்லை. பெயரும் வெர்ஷனும் சொன்னால், அதிலிருந்து டிராக்குகளை ஒரே இடத்தில் தொடங்குகிற மாதிரி எந்த மெனுவில் எடுப்பது, எந்த டிக்பாக்ஸைப் போடக்கூடாது என்று எழுதுகிறேன்.